மன்னித்தவரின் மனைவி

அத்தியாயம் 11

கடிதம் வந்து எட்டு நாளாகிவிட்டது.

இரண்டாயிரம் பேர் உட்காரும் பெரிய சபையொன்று, போதகரைத் தங்களிடம் வந்துவிடும்படி கேட்டு எழுதிய கடிதம் அது. மாடி வீடு, கார், உதவிக்கு இரண்டு இளம் போதகர்கள். மனைவிக்கும் ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். ‘தங்கள் துணைவியாரும் ஊழியத்தில் தோள்கொடுப்பார் என்று நம்புகிறோம்.’

அன்றே அவள் கேட்டாள். “அங்க காது கேக்காதவங்க யாராச்சும் சபைக்கு வர்றாங்களா?”

“விசாரிக்கணும்,” என்றார் போதகர். எட்டு நாளாக விசாரித்துக்கொண்டே இருக்கிறார்.

வாரநாட்களில் அவள் காது கேளாதோர் பள்ளியில் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரின் பிரசங்க மேடைக்கு இடப்புறம் இரண்டடி தள்ளி நின்று, அவர் வாயால் பேசுவதைக் கையால் பேசுவாள். முன்வரிசை பெஞ்சுகள் இரண்டில் ஒன்பது பேர் அந்தக் கைகளையே பார்த்தபடி இருப்பார்கள். சிலர் இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். அவள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் அந்த ஒன்பது பேருக்கு அந்த வாரம் கடவுளும் லீவு.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெரிய சபையின் செயலாளரும் அவர் மனைவியும் வருவதாக இருந்தது. பிரசங்கம் கேட்டு, மதியம் வீட்டில் சாப்பிட்டு, பிறகு முடிவு சொல்வார்கள். பெண் பார்க்க வருகிற மாதிரிதான். பார்க்கப்படுகிறவர் மட்டும் போதகர்.

விடிந்ததிலிருந்து மாமியார் அடுப்பை விட்டு நகரவில்லை.

“இன்னைக்கு வாயைத் திறந்தா நல்ல வார்த்தை மட்டும்தான் வரணும்,” என்றார் மருமகளிடம்.

“நான் வாயைத் திறக்கறதே கம்மி அத்தை. கையைத்தான் ஆட்டுவேன்.”

“அதையும் பாத்து ஆட்டு.”

அவள் சிரித்துக்கொண்டே முன்னறைக்குப் போனாள். போதகர் கண்ணாடி முன் நின்று கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“பிரசங்கக் குறிப்பு தாங்களேன். ஒரு தடவை பாத்துக்கறேன்.”

“இன்னைக்குக் குறிப்பு கிடையாது. ஆவியானவர் நடத்தறபடி பேசப்போறேன்.”

அறிவிப்பு வாசிக்கவே துண்டுச்சீட்டு வைத்துக்கொள்கிற மனிதர். அவள் இன்னொரு தடவை கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ஆலய மணி அடித்துவிட்டது. கறுப்பு உடையை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கைகள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக ஞாயிறுதோறும் கறுப்புதான்.

*

“இன்னைக்கு நாம தியானிக்கப்போறது, கல்யாண வாழ்க்கையில கிருபை,” என்று ஆரம்பித்தார் போதகர்.

முதல் பத்து நிமிடம் வழக்கம்போலப் போயிற்று. தகுதி பார்த்துக் கொடுத்தால் அது கூலி, தகுதி பார்க்காமல் கொடுத்தால்தான் கிருபை என்றார். நல்ல வாக்கியம். அவள் கைகளுக்கும் அது சுலபமாக வந்தது. இரண்டாவது வரிசையில் செயலாளரின் மனைவி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். ஒன்பது வருடமாக அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். கதை சொல்லப்போகிற குரல்.

“நான் இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல. மூணு வருஷத்துக்கு முன்னாடி, என் மனைவி என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க.”

அப்போது அவர்கள் வேறு சபையில் இருந்தார்கள்; இங்கே யாருக்கும் அது தெரியாது.

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் விதி ஒன்று உண்டு. பேசுகிறவர் ‘நான்’ என்றால், கையால் பேசுகிறவரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்கக் கூடாது. சேர்க்கக் கூடாது, விடவும் கூடாது. ஒன்பது ஜோடிக் கண்கள் காத்திருந்தன. அவளுடைய சுட்டுவிரல் அவளுடைய நெஞ்சைத் தொட்டது. ‘என் மனைவி என்னை விட்டுப் போய்விட்டாள்.’

“ஒரு சின்ன மனஸ்தாபம். யார் வீட்லதான் இல்ல? நாலு மாசம் அவங்க அக்கா வீட்ல போய் உக்காந்துட்டாங்க. ஊழியக்காரன் பொண்டாட்டி! ஊர் என்ன பேசியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.”

சின்ன மனஸ்தாபம். அவள் கைகள் அதையும் சொல்லின.

எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோன பெண் குழந்தை. வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். மூன்று நாள் காய்ச்சலில் அவளுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நான்காம் நாள் தெளிந்து கண்ணைத் திறந்தபோது, கட்டிலருகே மாமியார் மட்டும்தான் இருந்தார். ‘புதைச்சிட்டு நேத்துதான் கிளம்பினான். கன்வென்ஷன் கூட்டத்துக்கு அவன் பேரைப் போட்டு போஸ்டர் ஒட்டிட்டாங்களாம்’ என்றார். பத்து நாள் கழித்து வந்த கணவர் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று சொன்னார். அந்த மாதக் கடைசியில்தான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அதெல்லாம் பிரசங்கத்தில் வரவில்லை. அதனால் அவள் கைகளிலும் வரவில்லை.

“இருட்டுல அலைஞ்சுட்டிருந்தாங்க பாவம்,” என்றார் போதகர்.

அக்கா வீட்டுக்கு அடுத்த சுவர் காது கேளாதோர் பள்ளி. யாரும் எதுவும் கேட்காத இடம் வேண்டுமென்று போய் உட்கார்ந்தவள், பதினைந்து நாளில் எழுத்துகளைக் கையால் காட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு மாதத்தில் குழந்தைகளின் சண்டைக்கு நடுவராகிவிட்டாள். இதற்குத்தான் கடவுள் என்னை வைத்திருக்கிறார் என்று ஒரு நாள் மத்தியானம் மைதானத்தில் நின்றபடி அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த இடத்தைத்தான் போதகர் இருட்டு என்கிறார். அவள் ‘இருட்டு’ என்று கையால் சொன்னாள்.

“நான் தினமும் சாயங்காலம் வாசல்ல நின்னு பாப்பேன். வருவாங்களான்னு. ஒரு நாள் வந்தாங்க. நான் ஒரு கேள்வி கேக்கல. அவங்களை மன்னிச்சேன். அது என் குணம் இல்ல, கிருபை!”

‘ஆமென்’ என்றது சபை. செயலாளரின் மனைவி கைக்குட்டையைத் தேடினார்.

அவள் இடது உள்ளங்கையை விரித்து, வலது கையால் அதை மெதுவாகத் துடைத்தாள். மன்னிப்பு என்பதற்கு அதுதான் சைகை. ஆலயத்தில் இருந்த இருநூறு பேரும் இப்போது அவரை விட்டுவிட்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போனவள் எப்படி இருப்பாள் என்று பார்க்கிற பார்வை. அவளுக்குக் கைகளைத் தொங்கப்போட்டுவிட்டு வெளியே போய்விடலாம் போலிருந்தது. போனால் அந்த ஒன்பது பேருக்கும் பிரசங்கம் பாதியில் அறுந்துவிடும்.

கடைசி ஜெபம்வரை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள்.

*

ஆலயத்துக்குப் பக்கவாட்டில், குடிநீர்க் குழாயடியில், தையற்கடைக்காரம்மா அவளைப் பிடித்துக்கொண்டார். முன்பெஞ்சில் எப்போதும் ஓரத்தில் உட்காருகிறவர். ஐம்பது வயது. பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்கிறவர். அந்த ஒன்பது பேருக்கும் அவர்தான் வாய்.

‘இன்று சொன்ன கதையில் “நான்” என்பது யார்?’ என்று கைகளால் கேட்டார்.

‘பாஸ்டர்.’

‘அப்படியானால் ஓடிப்போனது?’

அவள் விரல் தன்னைக் காட்டியது.

‘ஏன் போனாய்?’

இந்தக் கேள்வியை இதுவரை எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் அவள் பதில் சொன்னதில்லை. இப்போது அவளுடைய இரண்டு கைகளும் தாமாக ஒன்றின்மேல் ஒன்று மடிந்தன. மார்போடு அணைத்து, இப்படியும் அப்படியுமாக ஆட்டின. பிறகு ஆட்டம் நின்றது. கைகள் கவிழ்ந்தன.

தையற்கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

போதகர் உடைமாற்றும் வெஸ்ட்ரி அறை வாசலில் அவர்கள் நின்றிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். அவளுடைய கணவரும் செயலாளரும். போதகருக்கு இந்த மூன்று வருடத்தில் ஒரு சைகைகூடத் தெரியாது. கற்றுக்கொள்ள நேரம் வாய்த்ததில்லை. ஆனால் குழந்தை என்பதற்கான சைகை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர் முகத்திலிருந்து நிறம் இறங்கியது.

“அம்மா என்ன சொல்றாங்க பாஸ்டர்?” என்றார் செயலாளர்.

“யாரோ ஒரு குழந்தைக்காக ஜெபம் பண்ணச் சொல்றாங்க போல.”

காது கேட்கிறவள் அவள். கேட்டுவிட்டாள்.

*

சாப்பாட்டு மேஜையில் செயலாளரின் மனைவி அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

“இப்படி ஒரு மனுஷன் கிடைக்க நீங்க குடுத்துவெச்சிருக்கணும்மா. எங்க சபையில மாசாமாசம் தம்பதிகள் கூட்டம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் மேடையில நின்னு இந்தச் சாட்சியைச் சொன்னீங்கன்னா, எத்தனை குடும்பம் ஒண்ணு சேரும்!”

“சொல்லிடலாம்,” என்றார் போதகர், தண்ணீர் தம்ளரைப் பார்த்தபடி.

“உங்க சபையில காது கேக்காதவங்க இருக்காங்களா சார்?” என்று அவள் கேட்டாள்.

செயலாளர் சிரித்தார். “நம்ம சபையில எல்லாருக்கும் நல்லா காது கேக்கும்மா. சம்பள உயர்வுன்னு மெதுவா சொல்லிப்பாருங்க, கடைசி பெஞ்சுல இருக்கறவர் எழுந்து வருவார். அந்தக் கைவேலைக்கெல்லாம் அங்க அவசியம் இருக்காது. நீங்க ஹாயா பாஸ்டர் பக்கத்துல உக்காந்திருந்தா போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. காலையில் அவ்வளவு பேசியவர், ஆலயத்திலிருந்து வந்ததுமுதல் ஒரு வார்த்தை பேசவில்லை. பரிமாறுகிற கரண்டி தட்டத் தட்ட மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

விருந்தினர் காபி குடிக்கும் நேரத்தில் அவள் படுக்கையறைக்குப் போனாள். போதகர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

“கோபமா இருக்கியா? உன்னை நான் ஒரு வார்த்தை தப்பா சொல்லல. மன்னிச்சேன்னுதானே சொன்னேன்.”

“எதை மன்னிச்சீங்க?”

அவர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

“நான் போனதைச் சொன்னீங்க. ஏன் போனேன்னு சொல்லலியே.”

“நீ ஏன் போனன்னு சொன்னா, நான் ஏன் போனேன்னும் சொல்லணும்.”

“சொல்லுங்க. அதுதான் சாட்சி.”

“சொன்னா எவன் என்னைக் கூப்பிடுவான்?” அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “பதினாறு வருஷம். தெருக்கூட்டத்துல கல்லடி வாங்கியிருக்கேன். ஒரு வேளை சாப்பிட்டு ஊழியம் பண்ணியிருக்கேன். இன்னைக்குத்தான் ஒரு கதவு திறக்குது. என் அழைப்பும்மா இது.”

“எனக்கும் ஒண்ணு இருக்கே.”

“உன்னுது வேலை. பள்ளிக்கூடம் எங்க போனாலும் கிடைக்கும்.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது. அவர்மீது அவள் மனம் முழுதாகக் கசந்துவிடாமல் மூன்று வருடமாகக் காத்து நின்றது ஒரே ஒரு வரிதான். அக்கா வீட்டில் இருந்த நாலு மாதத்தில் அவரிடமிருந்து வந்த ஒரே கடிதத்தில் இருந்த வரி. ‘அவளை நான்தான் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் புதைத்தேன்.’

அந்த வரிக்காகத்தான் திரும்பி வந்தாள். போஸ்டருக்குப் பயந்து ஓடுகிறவராக இருந்தாலும், அந்தக் குளிர்ந்த பாரத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு நடந்தவர். அந்த நடையை நினைத்துத்தான் அவரை மன்னித்திருந்தாள்.

“அந்த இடத்தை ஒரு நாள் காட்டறேன்னீங்க,” என்றாள். “மூணு வருஷமாச்சு.”

“வந்திருக்கவங்க முதல்ல கிளம்பட்டும்,” என்று அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

*

வாசலில் கார் தயாராக நின்றது. செயலாளர் போதகரின் இரண்டு கைகளையும் பற்றிக் குலுக்கினார். “முடிவு சொல்றதுக்கு என்ன இருக்கு பாஸ்டர்? அடுத்த மாசம் முதல் ஞாயிறு நீங்க எங்க மேடையில.”

அந்த நேரத்தில்தான் வெளிக்கதவு திறந்தது.

ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள்கூடப் போகாமல் நின்றிருக்கிறார்கள். தையற்கடைக்காரம்மா முன்னால் வந்து, போதகரைப் பார்த்து வணங்கினார். பிறகு கைகள் வேகமாக அசைந்தன.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்ன சொல்றாங்க?” என்றார் போதகர். செயலாளர் பார்க்காதபோது கண்ணால் அவளிடம் கெஞ்சினார். ஏதாவது சொல்லிச் சமாளி என்பதற்கு எந்த மொழியிலும் சைகை ஒன்றுதான்.

வழியனுப்ப வந்தோம் என்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது. அந்த ஒன்பது பேருக்கும்கூடத் தெரியாது. அவர் வாயிலிருந்து வந்த பொய்யையெல்லாம் காலையில் ஒன்று விடாமல் அவர்களிடம் கொண்டுசேர்த்தவள், அவர்கள் கையிலிருந்து வருகிற உண்மையை இப்போது விழுங்கிவிட்டால் அவள் யாருக்கு மொழிபெயர்ப்பாளர்? பழிவாங்குகிறோமோ என்றும் ஒரு கணம் தோன்றியது. இருக்கலாம். அது அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

“பாஸ்டர்,” என்று தொடங்கினாள். “எங்களுக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. உங்க குழந்தையை எங்க புதைச்சிருக்கீங்க? நாங்க எல்லாரும் போய் ஒரு ஜெபம் பண்ணணும். நீங்களும் எங்ககூட வாங்க.”

“குழந்தையா?” என்றார் செயலாளரின் மனைவி. “எந்தக் குழந்தை?”

போதகர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். “அது வந்து... ஆஸ்பத்திரி பக்கத்துல... சரியா இடம்...”

அவள் கைகள் அதை அந்த ஒன்பது பேருக்குச் சொல்லிக்கொண்டே வந்து, அவர் நின்ற இடத்தில் தாமும் நின்றன.

“இடம் தெரியாதா?” என்று கேட்டாள். இது அவளுடைய சொந்தக் கேள்வி. “உங்க கையாலதானே புதைச்சீங்க?”

“அவனைக் கேக்காதே.”

வீட்டுக் கதவருகே மாமியார் நின்றிருந்தார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே படியிறங்கி வந்தார்.

“அம்மா, நீங்க உள்ள போங்க,” என்றார் போதகர்.

“உள்ள இருந்து இருந்துதான் இங்க வந்து நிக்குது.” மாமியார் மருமகளைப் பார்த்தே பேசினார். “அவன் வரவே இல்லம்மா. அன்னைக்கு ராத்திரி வண்டியிலேயே ஏறிட்டான். புள்ள முகத்தைக்கூடப் பாக்கல. உனக்குக் கண்ணு தெளிஞ்சப்போ, புதைச்சிட்டுத்தான் போனான்னு நான் சொன்னேன். முதல் பொய் என்னுது. அதைத்தான் அவன் கடுதாசியில எழுதி அனுப்பினான். ஆகாதுன்னு சொன்னேன். உன்னைத் திரும்பக் கொண்டுவர வேற வழி இல்லன்னான். வாசல்ல நின்னு பாத்ததும் நான்தான். அதையும் இன்னைக்கு அவன் எடுத்துக்கிட்டான்.”

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

ஒன்பது பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அவள் கைகள் எழுந்தன.

“நான்தான் என் துண்டுல சுத்தினேன்,” என்றார் மாமியார்.

அவள் விரல் தன் நெஞ்சைத் தொட்டது. கைகள் சுற்றின.

“ஆயா ஒருத்தி கூட வந்தா. மழை தூறிச்சு. நான்தான் தூக்கிட்டு நடந்தேன். நான்தான் குழியில இறக்கினேன்.”

அவள் கைகள் தூக்கின. மெதுவாகக் கீழே இறக்கின. அதற்குமேல் அவளால் கைகளை நிமிர்த்த முடியவில்லை. தையற்கடைக்காரம்மா வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

அழுகை வரவில்லை. மூன்று வருடமாக மனசுக்குள் ஒரு மனிதர் குழந்தையை ஏந்திக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். இப்போது அந்தப் பாதை காலியாகக் கிடந்தது. இத்தனை நாள் அவள் யாரை மன்னித்துக்கொண்டிருந்தாள்?

“பாஸ்டர்,” என்றார் செயலாளர், காரின் கதவைப் பிடித்தபடி. குரல் மாறியிருந்தது. “உள்ள உக்காந்து ரெண்டு நிமிஷம் பேசலாமா?”

மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டார். “ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி பொதுக் கல்லறைத் தோட்டம். கிழக்குச் சுவரோரம். நடக்கிற தூரம்தான். வா.”

அவள் வெளிக்கதவுவரை போய் நின்றாள். கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கழுத்துப் பட்டை ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. தகுதி பார்க்காமல் கொடுப்பதுதான் கிருபை என்று காலையில் இந்த வாய்தான் சொன்னது.

“வர்றீங்களா?” என்று கேட்டாள்.

அன்பில் கேட்கவில்லை. கேட்காமல் போய்விட்டால் நாளைக்கு அதுவும் ஒரு பிரசங்கமாகிவிடும் என்ற கசப்பில்கூடக் கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டாள்.

போதகர் அவளைப் பார்த்தார். திறந்திருந்த கார் கதவைப் பார்த்தார்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மாமியார் முன்னால் நடந்தார். ஒன்பது பேரும் அவளுக்கு இருபுறமும் சேர்ந்துகொண்டார்கள். தெருமுனை திரும்பும்போது பின்னால் கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. அவளுக்கு மட்டும்தான் கேட்டது. தையற்கடைக்காரம்மா தற்செயலாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று நின்று அவள் முழங்கையைத் தட்டினார்.

‘திரும்பிப் பார்,’ என்றன அவர் கைகள்.

அவள் திரும்பவில்லை. மாமியாரின் முதுகைப் பார்த்தபடியே நடந்தாள்.